விளக்குக்காரரைக் கட்டிப்போட்டது பற்றி

வடக்கு மினசோட்டா, சுப்பீரியர் ஏரிக்கரை
மார்ச் 14, 1994, திங்கள்கிழமை, மதிய உணவு இடைவேளை

'பகடையும் பென்சிலும்' இருமாத இதழின் ஆசிரியர், மதிப்புக்குரிய திரு. ஹார்லன் ஸ்டென்ரூட் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே வாசலில் பனி இடுப்பளவு கிடக்கிறது. அதற்குப் பின்னால் நாங்கள் எல்லோரும் சுகம். நான் உங்கள் இரண்டு வருடச் சந்தாதாரர். இதற்கு முன் உங்களுக்கு நான்கு கடிதங்கள் எழுதியிருக்கிறேன், நான்கும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. அவை பாராட்டுக் கடிதங்கள், அனுப்பக் கூச்சமாக இருந்தது. இது புகார், ஆகவே தபாலில் சேர்த்துவிடுவேன் என்று நினைக்கிறேன்.

ஜனவரி இதழில், ஒருவர் கதை நடத்த மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிப் பகடை உருட்டும் நம் ஆட்டத்துக்காக, 'குட்டு உடையும் காட்சியை அமைப்பது எப்படி' என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். கதை நடத்துகிறவர் எந்த உண்மையையும் தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை, ஆடுகிறவர்களே கண்டுபிடிக்க வேண்டும், ஓர் உண்மைக்கு மூன்று தடயம் வைத்தால் ஒன்றைக் கோட்டைவிட்டாலும் இன்னொன்றில் பிடித்துவிடுவார்கள், மூன்றாவது தடயம் அவர்கள் கைக்கு வந்ததும் அறையின் விளக்கைத் தணித்துவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், எட்டுக்குள் யாராவது ஒருவர் உண்மையை உளறிவிடுவார் என்று. 'எட்டுக்குள்' என்பதன் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். 'தன் வாயால் சொல்ல வேண்டியதில்லை' என்பதன் கீழே இரண்டு கோடு.

அந்த இரண்டாவது கோட்டுக்குக் காரணத்தைச் சொல்லாவிட்டால் என் புகார் விளங்காது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போய்ப் பட்டத்தோடு வந்த முதல் ஆள் நான். ஆற்று நீரைப் பற்றிப் படித்தேன். இப்போது கவுண்டி மாவட்ட அலுவலகத்தில் நாய் உரிமங்களுக்கு முத்திரை குத்துகிறேன். என் அப்பா வெர்லின் ஹாகன் இதே கவுண்டியின் பனி அள்ளும் லாரி ஓட்டுகிறார். வீட்டில் நாங்கள் இருவர்தான். தினமும் காலையில் பெட்ரோல் பங்கில் காப்பி வாங்கும்போது அங்கே நிற்பவர் யாராக இருந்தாலும், "பாப்பா படிச்சு முடிச்சிட்டுத் திரும்பி வந்துட்டா, தெரியுமில்ல" என்று சொல்லுவார். இரண்டு வருடமாக அதே ஆட்களிடம்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்களும் ஒவ்வொரு முறையும் "அப்படியா" என்கிறார்கள். போன மாதம் ஐடஹோவில் பாய்சி என்ற ஊரிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஆற்று நீரைச் சோதிக்கும் வேலை. படகு தருவார்கள். வருகிறாயா இல்லையா என்பதை மார்ச் 15, செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குள் தொலைபேசியில் சொல்ல வேண்டும். இதை அப்பாவிடம் சொல்ல ஐந்து வாரமாக வாயைத் திறக்கிறேன். திறந்த வாயில் ஒரு கரண்டி மசித்த உருளைக்கிழங்கைப் போட்டு மூடிக்கொள்கிறேன். நான் போகிறேன் என்பதை என் வாயால் அந்த மனிதரிடம் சொல்ல முடியாவிட்டால், வேலை வேண்டாம் என்று பாய்சிக்குச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் ஜனவரி இதழ் தாமதமாக வந்து சேர்ந்தது.

நாங்கள் ஞாயிறு மதியம் வழிபாடு முடிந்து என் அத்தை ஆர்லிஸின் வீட்டு நிலவறையில் கூடி ஆடுகிறோம். கதை நடத்துவது நான். பேச வேண்டிய இடத்தில் எல்லாம் வேறு யாராகவோ பேசலாம் என்பதால் எனக்கு அது தோதாக இருக்கிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்யும் அத்தை, கதையில் வைத்தியச்சி. இரும்புக் கடையில் நிற்கும் எமெட் என் வயதுக்காரன், வாய் ஓயாதவன், கதையில் திருடன். அப்பா இரண்டு குளிர்காலம் முன்பு அத்தை வீட்டு வாசலில் பனி தள்ளிவிட்டுக் கை சூடேற்றிக்கொள்ளக் கீழே இறங்கி வந்தார். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. எமெட் இருபது முகப் பகடையை அவர் பக்கம் உருட்டிவிட்டான். அன்று கோடரிக்காரனாக உட்கார்ந்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. எங்கள் மேசையில் ஒரு வழக்கம் உண்டு. மற்றவர் காதில் விழக்கூடாத விஷயத்தைச் சீட்டில் எழுதி, நாலாக மடித்து, பாத்திரத்தின் பெயரை மேலே எழுதி நகர்த்துவோம். அப்படி வரும் சீட்டை இன்னொருவர் தொடவே மாட்டார். இந்த ஊரில் அடுத்தவர் தபாலைப் பிரிப்பதைவிட அவர் வீட்டைக் கொளுத்துவது மேல்.

கதையில் ஒரு கலங்கரை விளக்கம் இருக்கிறது, அதில் ஒரு விளக்குக்காரர். இந்த மூவரும் கடலுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் விளக்கேற்றிக் காத்திருந்து கரை சேர்ப்பவர். அவருக்குக் குரல் நான். ஆசிரியர் அவர்களே, நான் செய்ய நினைத்தது இதுதான்: விளக்குக்காரருக்கு வெளியூரில் ஓர் இடம் கிடைத்திருக்கிறது, அவர் போக விரும்புகிறார், சொல்லத் தெரியாமல் தவிக்கிறார் என்பதை அவர்களே கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்த பிறகு ஒரு கணம் எல்லோரும் என் முகத்தைப் பார்ப்பார்கள். அவ்வளவு போதும் எனக்கு. தடயம் மூன்று, தங்கள் கட்டளைப்படி.

நேற்று மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தோம். அப்பா இருபது நிமிஷம் தாமதம், கையெல்லாம் கிரீஸ். எமெட்டிடம் நான் முதலில் கேட்டது என் புத்தகத்தைத்தான். கதை நடத்துகிறவர் மட்டும் படிக்கும் விதிப் புத்தகத்தை இரண்டு வாரம் முன்பு வாங்கிப் போனவன் திருப்பித் தரவே இல்லை.

"இன்னும் படிச்சு முடிக்கல," என்றான்.

"திருடனுக்கு எதுக்கு அது?"

"திருடன்னா படிக்கக் கூடாதா?"

முதல் தடயம் விளக்குக்காரரின் கட்டிலுக்கு அடியில் இருந்த பெட்டி. அதில் மடித்த துணிகள், புது ஷூ, வெளியூர் வரைபடம் ஒன்று. இதைவிடத் தெளிவாக ஒரு பெட்டியை நிரப்ப எனக்குத் தெரியாது.

"ஒரு ஆள் படுக்கிற நீளம் இருக்குமா அந்தப் பெட்டி?" என்று கேட்டான் எமெட்.

"இருக்கும்."

"அப்ப பொணம்தான்."

"பொணம் இல்ல. துணி."

"பொணத்தோட துணி."

"மடிச்சு வச்சிருக்கா?" என்று அப்பா கேட்டார்.

"நல்லா மடிச்சு வச்சிருக்குப்பா."

"கொலைகாரன் மடிக்க மாட்டான்டா."

"நல்லா வளர்ந்த கொலைகாரன் மடிப்பான் மாமா," என்றான் எமெட். அத்தை அதற்குள் ஓட்ஸ் இனிப்புக் கட்டிகள் அடுக்கிய தட்டை நடுவில் வைத்தாள். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். பெட்டியை மூடி வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது தடயம் ஒரு கடற்பறவையின் காலில் கட்டியிருந்த கடிதம். இதற்காகச் சனிக்கிழமை முழுவதும் காகிதத்தைத் தேநீரில் ஊற வைத்து அடுப்பில் காய வைத்தேன், ஓரம் கருகிப் பழைய ஓலைபோல் வந்தது. 'உமக்காக ஓர் இடம் காத்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை சூரியன் மறையும் முன் பதில் வேண்டும். இல்லையேல் வேறொருவருக்குப் போகும்.' ஐயா, செவ்வாய்க்கிழமை என்றே எழுதினேன். மறைக்கக்கூட இல்லை. எமெட் அதை உரக்கப் படித்துவிட்டு, "மிரட்டல். இடம்னா கல்லறை. விளக்குக்காரர் கடல் கொள்ளைக்காரங்ககிட்ட கடன் பட்டிருக்காரு," என்றான். அத்தை காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு. கொள்ளைக்காரன் எழுதினதாத் தெரியல. அவரையே கேக்கலாமே. ஏங்க விளக்குக்காரரே, மலைப் பக்கம் போறவங்களுக்கு ஏரிச் சத்தம் இல்லாம மொதல்ல தூக்கமே வராதாமே, நெசமா?"

நான் மலை என்று சொல்லவே இல்லை. இந்தக் கதையில் எங்கும் மலை கிடையாது. ஏரியும் கிடையாது, கடல்தான். அத்தை வழக்கம்போல் பாதிக் கதையைக் காப்பி வடிக்கும்போது தவற விட்டிருக்கிறாள். விளக்குக்காரர் "தெரியலைங்க" என்று மட்டும் சொன்னார்.

"காது அடைக்கப் பஞ்சு எடுத்துட்டுப் போகச் சொல்லணும்," என்றாள் அத்தை, யாருக்கோ.

இனி மூன்றாவது தடயம். அது விளக்குக்காரரின் குறிப்பேட்டில் கடைசிப் பக்கம், தனக்கு அடுத்து வரப்போகிறவருக்கு எழுதியது. 'திரியை வெள்ளிக்கிழமை கத்தரிக்கவும். மூடுபனி நாளில் எண்ணெய் இரண்டு மடங்கு. கோடரிக்காரர் கரை சேரும்வரை அணைக்க வேண்டாம். அவர் எப்போதும் தாமதமாகத்தான் வருவார்.' அதை அப்பாவிடம் நீட்டினேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, துடைத்து, போட்டு, படித்தார். மூன்று வரிதான். எனக்கு அது ஒரு முழுப் புத்தகம் படிக்கும் நேரமாக இருந்தது. படித்து முடித்ததும் காகிதத்தை மேசையில் வைத்து, அதன் ஓரத்தை மேசை ஓரத்தோடு சரியாகச் சேர்த்து வைத்தார். பிறகு கையை நீட்டித் தட்டில் இருந்த கடைசி ஓட்ஸ் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

தாங்கள் பிறந்தது இந்தப் பக்கம்தானே, தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடைசித் துண்டை யாரும் முழுதாக எடுப்பதில்லை. ஒருவர் பாதி வெட்டி எடுப்பார், அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி, அப்படியே பென்சில் முனை அளவுக்கு வந்து காய்ந்துபோய் மறுநாள் பறவைக்குப் போகும். என் அப்பா ஐம்பத்தெட்டு வருடம் அப்படித்தான் வாழ்ந்தார். அத்தை தட்டையே பார்த்தாள். எமெட்கூட வாயை மூடினான். பசி போலிருக்கிறது, காலையில் சாப்பிடாமல் என்னவோ வேலை பார்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, கிடைத்த அமைதியை வீணாக்காமல் நான் எழுந்து போய்த் தங்கள் யோசனைப்படி விளக்கைத் தணித்தேன்.

"பியூஸ் போச்சு," என்று எழுந்தாள் அத்தை.

"இல்ல அத்தை, நான்தான்…"

"இந்தப் பக்கத்துச் சுவர்ல ஈரம், அப்பவே சொன்னேன் அண்ணன்கிட்ட." டார்ச்சோடு போய் பியூஸ் பெட்டியைத் திறந்து மூன்று பியூஸைக் கழற்றி மாட்டினாள். மேலே குளிர்பதனப் பெட்டி நின்று மறுபடி ஓட ஆரம்பித்தது. வந்து உட்கார்ந்து டார்ச்சை என் முகத்துக்கு நேராக மேசைமேல் வைத்தாள். அந்த வெளிச்சத்தில்தான் நான் எண்ணத் தொடங்கினேன்.

எட்டு வந்தது. பத்து வந்தது. ஆசிரியர் அவர்களே, தங்கள் இதழ் வெளிவரும் ஊரில் பத்து எண்ணும்வரை பேசாமல் இருந்தால் ஒருவேளை யாருக்காவது ஏதாவது ஆகும். எங்கள் ஊரில் அது மூச்சு விடும் நேரம். என் அப்பாவும் அவர் தங்கையும் டுலூத் நகரம் வரைக்கும் போய்த் திரும்புவார்கள், வழியில் ஒரு மானைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருப்பார்கள், நல்லாப் பேசிட்டு வந்தோம் என்பார்கள். நான் ஐம்பது எண்ணினேன். நூறு எண்ணினேன். மேலே காப்பி இயந்திரம் வடித்து முடித்து ஒரு பெருமூச்சு விட்டது. கன்னத்தில் டார்ச்சின் சூடு. நூற்று அறுபதில், யாராவது ஒருவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தால் போதும், சொல்லிவிடுகிறேன், வாயாலேயே சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தேன். யாரும் தூக்கவில்லை. மூவரும் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருநூற்றுப் பதினான்கில் அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"கட்டிப்போடறேன்," என்றார்.

"யாரைப்பா?"

"விளக்குக்காரரை. நாற்காலியோட சேத்து."

"எதுக்குப்பா? அவர் என்ன செஞ்சாரு?"

"கோடரிக்காரன்கிட்ட கயிறு இருக்கு. எழுதியிருக்கு பாரு, அம்பது அடி."

"கயிறு இருக்கான்னு கேக்கல. ஏன்னு கேக்கறேன்."

"இழுத்தா அவுந்துடற முடிச்சு," என்றார் அப்பா. ஆளைக் கட்டிப்போட யாராவது அந்த முடிச்சைப் போடுவார்களா. லாரியில் சங்கிலி கட்டும் மனிதருக்கு இது தெரியாதா. எதற்கெடுத்தாலும் எதிர்வாதம் பேசும் எமெட் இதற்கு ஒன்றும் பேசாமல், "நான் கதவைப் பூட்டறேன்," என்றான். "நான் போர்வை போத்திவிடறேன், சூப்பும் கொண்டு வரேன்," என்றாள் அத்தை.

விளக்குக்காரரின் குரலில் கேட்டேன். வேறு யார் குரலிலும் எனக்கு அப்போது வந்திருக்காது. "ஐயா, என்னை எதுக்குக் கட்டறீங்க?"

அப்பா என்னைப் பார்க்கவில்லை. பகடையைக் கட்டைவிரலால் புரட்டிக்கொண்டே கோடரிக்காரனின் கரகரத்த குரலில் சொன்னார்: "கொஞ்ச நேரம் இருங்க."

"எவ்வளவு நேரம்?"

"இந்த ஆட்டம் முடியற வரைக்கும்."

"நான்…" என்றார் விளக்குக்காரர்.

"சூப்பு ஆறுது, குடிங்க," என்றாள் அத்தை.

அதோடு ஆட்டம் முடிந்தது. அப்பா இரண்டு கையாலும் தொடையைத் தட்டி "சரி, அப்புறம்…" என்று கிளம்ப எழுந்தார். வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் நின்றோம், எப்போதும்போல். ஏரியில் பனிக்கட்டி எப்போது உடையும் என்று பேசினோம். எமெட் வீட்டுக் கூரையைப் பற்றிப் பேசினோம். அப்பாவின் லாரியில் எட்டு மைல் வந்தோம். இரண்டு தரம் வாயைத் திறந்தேன், இரண்டு தரமும் அவர் ஹீட்டரைக் கூட்டினார். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் பேசினார்.

"உன் காருக்கு நாலு டயரும் மாத்திட்டேன். மதியம் அதான் லேட்டு."

"பழசே ஓடுமேப்பா."

"இங்க ஓடும்."

"தேங்க்ஸ்ப்பா."

"ம்," என்று உள்ளே போய்விட்டார்.

ஆக, ஆசிரியர் அவர்களே, தங்கள் முறைப்படி மூன்று தடயம் வைத்தேன். ஒரு நல்ல மனிதரைக் காரணமே இல்லாமல் நாற்காலியில் கட்டிப் பூட்டிவிட்டார்கள். கண்ணெதிரே எழுதி வைத்தாலும் படிக்கத் தெரியாத ஆட்கள் இருக்கிறார்கள் என்பதைத் தங்கள் கட்டுரை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இதைப் படித்துவிட்டு வேறு யாரும் இப்படி ஓர் உண்மையை மேசையில் வைத்து ஏமாறாமல் இருக்க, அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். நாளை மாலை பாய்சிக்குப் பேசி, என்னால் வர இயலவில்லை என்று சொல்லப்போகிறேன். நாய் உரிமம் ஒன்றும் மோசமான வேலை இல்லை. சில நாய்களை நேரிலும் அழைத்து வருகிறார்கள். என் சந்தாவை இந்த இதழோடு நிறுத்திவிடவும். மனம் நோகும்படி எழுதியிருந்தால் மன்னிக்கவும். தங்கள் வீட்டார் அனைவரும், தங்கள் மேசையில் உட்காரும் அனைவரும் நீண்ட ஆயுளும் நல்ல பகடையுமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
சிக்னி ஹாகன்

பின்குறிப்பு: செவ்வாய், காலை ஒன்பது மணி. உறையை ஒட்டித் தபாலில் போடக் கிளம்பினேன். கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. சுரண்டியை எடுக்கக் காருக்குள் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியைத் திறந்தேன். சுரண்டிக்கு மேலே ஒரு சாலை வரைபடம், அதன் மேல் நாலாக மடித்த ஒரு சீட்டு. 'விளக்குக்காரருக்கு' என்று அப்பாவின் கையெழுத்து. நான்தான் விளக்குக்காரர் என்பதால் பிரித்தேன்.

'அந்த முடிச்சு ஒரு இழுப்பில் அவிழும். உங்களுக்குத் தெரியும் என்று நினைத்தேன். விளக்கை இனி திருடன் பார்த்துக்கொள்வான், புத்தகம் பாதி படித்துவிட்டான். தெற்கு வழியில் போகவும். வடக்குக் கணவாயில் ஏப்ரல் வரை பனி, அங்கே அள்ளுகிற ஆட்கள் சரியில்லை என்று கேள்வி. டயர் மலைக்கு ஏற்றது. – கோடரிக்காரன்.'

வரைபடத்தில் எங்கள் வாசலிலிருந்து பாய்சி வரை பென்சில் கோடு. காப்பி நன்றாக இருக்கும் இடங்களில் எல்லாம் ஒரு வட்டம்.

இரும்புக் கடைக்குப் போன் செய்தேன். எமெட் எடுத்தான். "பிப்ரவரிலயே தெரியும். தபால்காரம்மா பெட்ரோல் பங்க்ல சொல்லிட்டாங்க, ஐடஹோலேர்ந்து தடிச்ச உறை வந்திருக்குன்னு. வேணாம்னா ஒத்தக் காகிதம்தான் வருமாமே. உங்கப்பா அன்னிக்கே டயருக்குச் சொல்லி வச்சாரு."

"அப்ப ஏன்டா யாரும் ஒரு வார்த்தை சொல்லல?"

"உன் தபாலை நாங்க எப்படிப் பிரிக்கறது? நீதான் சொல்லணும். அஞ்சு வாரமாத் தடயம் வச்சுட்டே இருக்கோம், நீ கண்டுபிடிக்கவே மாட்டேங்கற. அத்தை மலைன்னே சொல்லிட்டாங்க."

"அப்புறம் எதுக்கு என்னைக் கட்டிப்போட்டீங்க?"

"அது மட்டும் நாங்க பேசி வச்சதில்ல," என்றான். "உங்கப்பா அந்தத் திரி சீட்டைப் படிச்சாருல்ல."

ஒன்பதரைக்கு பாய்சிக்குப் பேசினேன். வருகிறேன் என்றேன். வாயால்தான்.

ஆகவே மேலே எழுதியதைத் தயவுசெய்து பிரசுரிக்க வேண்டாம். தங்கள் முறையில் தவறு இல்லை. ஓர் உண்மைக்கு மூன்று தடயம் சரிதான், எனக்கு மட்டும் ஐந்து தேவைப்பட்டது. சந்தாவை நிறுத்த வேண்டாம். மே இதழ் முதல் பாய்சி முகவரிக்கு அனுப்பவும், எமெட் பெயருக்கு ஒரு பிரதி தனியாக. எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று அப்பாவிடமோ அத்தையிடமோ இன்னும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு விளக்குக்காரர் அந்தக் கயிற்றை இழுப்பார், அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள். பிறகு வாசலில் நின்று பனியைப் பற்றிப் பேசுவோம். இந்த முறை நாற்பது நிமிஷம் போதாது என்று நினைக்கிறேன்.